வன்னிச் சனத்துக்குக் கொள்கை இருக்கிறதா?

கேள்வி: 2010இல் சரத் பொன்சேகா, 2015இல் மைத்திரி, 2019இல் சஜித், 2024இல் திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தியின் சின்னம்). ஆளுக்கு ஆள் மாறி வாக்குப் போடும் எங்கள் வன்னிச் சனத்துக்குக் கொள்கை என்று ஒன்று இருக்கிறதா? (வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: இருக்கிறது. நீங்கள் அடுக்கிய பெயர்களிலேயே அது தெரிகிறது. முதல் மூன்று தடவையும் வன்னி ராஜபக்ச குடும்பத்துக்கு எதிராகவே நின்றது. 2010 தேர்தல் வந்தபோது முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டே மாதம். செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் ஆட்கள் இன்னும் அடைபட்டிருந்த நேரம். அந்தப் போரை நடத்திய தளபதி பொன்சேகாவுக்கு எங்கள் சனம் புள்ளடி போட்டது அன்பினாலா? எதிரே நின்றவர் மகிந்த. வேறு வழி அவர்களுக்கு விடப்படவில்லை.

2024 கதை வேறு. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வன்னியில் முதலிடம் சஜித்துக்கு, திசைகாட்டியில் நின்ற அநுரவுக்கு நாலாமிடம்தான். நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி முதலாவதாக வந்து, ஆறில் இரண்டு ஆசனத்தை எடுத்தது. ஆனால் அது பெற்றது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாக்கு. அதிலும் வவுனியா தெற்குச் சிங்களக் கிராமங்களின் வாக்கும் முஸ்லிம் மக்களின் வாக்கும் சேர்த்தி. முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. வீடு (தமிழரசுக் கட்சி), சங்கு, சைக்கிள் என்று கட்சிச் சின்னங்களாகவும் சுயேச்சைகளாகவும் பிரிந்து நின்று தமிழ் வாக்கைச் சிதறடித்து அந்த இடத்தைக் கைவிட்டது யார்? சனமா?

திசைகாட்டிக்குப் போட்ட தமிழரும் இருக்கிறார்கள், குறிப்பாக இளம் ஆட்கள். எங்கள் கட்சிகளின் தலைமைச் சண்டையில் வெறுத்துப் போனவர்கள் அவர்கள். அவர்களைத் துரோகி என்று திட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர்களும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 2025 மார்ச்சில் வடக்கில் உரிமை கோரப்படாத காணிகளை அரசுடைமையாக்கும் வர்த்தமானி வந்தது. பல தடவை இடம்பெயர்ந்து காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்த முல்லைத்தீவுக் குடும்பத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பலத்த எதிர்ப்புக்குப் பிறகே அரசு அதிலிருந்து பின்வாங்கியது. அந்த மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பல சபைகளில் வீடு மறுபடி முன்னுக்கு வந்தது.

கொள்கையை நீங்கள் கட்சிகளிடம் கேளுங்கள். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. அது வரும்போது ஒரே பட்டியலில் நிற்பீர்களா என்று உங்கள் பிரதேச சபை உறுப்பினரை நேரில் மறித்துக் கேட்டு, அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள்.