திருகோணமலை மாதிரி ஊரில பெண்கள் சங்கங்கள் ஏன் திருநங்கைகள், தன்பாலீர்ப்பாளர்களிட பிரச்சினைக்குள்ள தலையிடவேணும்?

கேள்வி கேட்டவர் கீழ விளக்கத்தில "பெண்ணுரிமை வேற இது வேற, ரெண்டையும் கலந்தா ஊர்ச்சனம் சங்கத்துக்கே வராது" எண்டு எழுதியிருக்கிறார். நானும் கன காலம் அப்பிடி நினைச்சவள்தான். திருகோணமலையில ஒரு சின்ன மாதர் சங்கத்தில பதினொரு வருசமா வேலை செய்யிறன், எங்களுக்கு வாறதெல்லாம் வீட்டில அடி வாங்கிற பிள்ளைகள், நுண்கடனுக்கு ஆள் வந்து வாசல்ல குந்தியிருக்குது எண்டு ஓடி வாற தாய்மார், மனுசன் காணாமல் போய் காணி உறுதி மாத்தேலாம நிக்கிற ஆக்கள், இதுகளுக்கே நேரம் காணாது.

ஒரு நாள் பின்னேரம் ஒரு திருநங்கைப் பிள்ளை வந்தவ. தையல் வேலை செய்யிறவ. வாடகைக்கு இருந்த அறையை ரெண்டு நாளில விடச் சொல்லிட்டாங்க, கட்டின முற்பணமும் திருப்பித் தரேல்ல. பொலிசில முறைப்பாடு குடுக்கலாம்தானே பிள்ள எண்டு கேட்டன். "அக்கா, முறைப்பாடு குடுக்கப் போன என்னையே பிடிச்சு உள்ள போட்டா ஆர் வருவீங்க?" எண்டா. எனக்குப் பதில் இல்ல.

அதுக்குப் பிறகுதான் சட்டத்தை எடுத்து வாசிச்சன். எங்கட தண்டனைச் சட்டக்கோவை 1883இல வந்தது, கோட்டைக்குள்ள வெள்ளைக்காரன் இருந்த காலம். அதில தன்பால் உறவைக் குற்றமாக்கிற 365, 365அ எண்டு ரெண்டு பிரிவு. 365க்கு பத்து வருசம் வரைக்கும் மறியல், 365அக்கு ரெண்டு வருசம் வரைக்கும். இதில பொம்பிளைகள் நாங்க கட்டாயம் தெரிஞ்சிருக்கவேண்டிய விசயம் என்னெண்டா 365அ முதல்ல ஆம்பிளைகளை மட்டும்தான் சொன்னது, 1995இல திருத்தம் எண்டு கொண்டுவந்து "ஆண்" எண்ட சொல்லை எடுத்துப்போட்டு எல்லாருக்கும் எண்டு ஆக்கிட்டாங்க. அதோட ரெண்டு பொம்பிளைகள் விரும்பிச் சேர்ந்திருந்தாலும் குற்றம். நாங்க சங்கத்தில இருந்துகொண்டு எங்களுக்கு ஏன் இது எண்டு கேக்கிறம், சட்டம் எங்களையும் எப்பவோ உள்ளுக்க இழுத்துட்டுது. 2022இல அக்கரைப்பற்றில என்ன நடந்தது, மகள் இன்னொரு பொம்பிளையோட போகப்போறா எண்டு தகப்பன் பொலிசுக்குப் போக, நீதிமன்றம் ரெண்டு பேரையும் மனநல வைத்தியரிட்டக் காட்டச் சொன்னது. வளர்ந்த பொம்பிளை தன்ர விருப்பத்தைச் சொன்னா அவக்கு மூளை சரியில்ல எண்டுறது, இதைவிடப் பெண்கள் பிரச்சினை வேற என்ன இருக்கு?

அதே வருசம்தான் ஐநாவிட பெண்களுக்கான சீடோ குழு, இந்த 365அ பிரிவு பெண்களிட உரிமையை மீறுது எண்டு இலங்கைக்கு எதிரா முடிவு சொன்னது. 2023 மே மாசம் உச்ச நீதிமன்றமும், இதை நீக்கிறதுக்கு வந்த தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்ல எண்டு சொல்லிட்டுது. ஆனா மசோதா சட்டமாகேல்ல. சிறைக்குப் போற ஆக்கள் குறைவுதான், வழக்கு எண்டு வெருட்டிக் காசு புடுங்கிறது, வீட்டில சொல்லிப்போடுவன் எண்டு பயப்படுத்திறது, அதுதான் நாளாந்தம் நடக்கிறது. திருநங்கைகளுக்கு இன்னும் மேல, ஆள்மாறாட்டம் எண்டும் பிடிப்பாங்க, றோட்டில நிண்டா 1841ஆம் ஆண்டு அலைஞ்சு திரியிறவைக்கு எண்டு போட்ட கட்டளைச் சட்டத்திலயும் பிடிப்பாங்க.

சங்கக் கூட்டத்தில இதை எடுத்தநேரம் பெரிய சண்டை. ரெண்டு பேர் எழும்பிப் போட்டினம். அப்ப மூலையில இருந்த ஒரு அம்மா, மனுசன் காணாமல் போய்ப் பதினாலு வருசம், அவ சொன்னா: "அந்தாள் செத்திட்டார் எண்டு ஆரும் எனக்குக் காட்டேல்ல, அதால நான் பொட்டு வைக்கிறன், பூ வைக்கிறன். அதுக்கு இந்த ஊர் என்னை என்ன கதையெல்லாம் கதைச்சது. இப்ப இந்தப் பிள்ள பொட்டு வைச்சா உங்களுக்கு என்ன?" பிறகு ஒருத்தரும் கதைக்கேல்ல. எழும்பிப் போனதில ஒராள் அடுத்த மாசம் திரும்பி வந்தவ, மற்றவ வரேல்ல, அது எனக்கு இப்பவும் கவலைதான்.

சரி, அப்ப நடைமுறையில என்ன செய்யலாம்? கொழும்பில இந்த உரிமைகளுக்காக ஊர்வலம் போறாங்க, யாழ்ப்பாணத்திலயும் 2022இல நடைபவனி போனவை, அது பெரிய துணிச்சல், நான் குறை சொல்லேல்ல. ஆனா எங்கட ஊர் சின்னது, சிவன் கோயிலடியில இருந்து சந்தைக்குப் போய் வாறதுக்குள்ள பத்துப் பேர் "ஆற்ற பிள்ள நீ" எண்டு கேட்டிடுவாங்க, கொடி பிடிச்ச படம் ஃபேஸ்புக்கில வந்தா அண்டைக்கு இரவே வீட்டுக்குள்ள பிரச்சினை. அதால நாங்க செய்யிறது கூடப் போறது. பொலிசுக்குப் போனா ரெண்டு பேர் கூடப் போவம், அதில ஒராளுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரிஞ்சிருக்கவேணும், ஏனெண்டா வாக்குமூலத்தைச் சிங்களத்தில எழுதிட்டு ஒப்பம் வை எண்டுவாங்க, விளங்காமல் ஒருநாளும் வைக்கக்கூடாது. வீட்டில அடிச்சா, அது தாய் தகப்பனா இருந்தாலும் அண்ணனா இருந்தாலும், 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம், அது புருசன் பெண்சாதிக்கு மட்டும் எண்டு கன பேர் நினைக்கினம், அப்பிடி இல்ல.

பேர், பால் மாத்திறதுக்கும் வழி இருக்கு. 2016இல சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது, அதின்படி மனநல வைத்தியர் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் தருவார், அதைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, பிறகு அடையாள அட்டை. தன்னை ஆர் எண்டு சொல்ல ஒரு டாக்குத்தர் ஒப்பம் வைக்கவேண்டியிருக்கே எண்டு எனக்குச் சரியான கோவம், ஆனா அந்தத் துண்டு இல்லாமல் வேலையும் இல்ல, பாங்க் புத்தகமும் இல்ல. ஒரு கந்தோரில எங்கட பிள்ளையை முழுச்சனத்துக்கு முன்னால பழைய பேரைச் சொல்லி மூண்டு தரம் கூப்பிட்டாங்க. நாங்க பக்கத்தில இருந்தபடியால அவ எழும்பி ஓடேல்ல.

முற்பணத்தில அரைவாசிதான் திரும்பக் கிடைச்சது. கூட்டத்தில கதைச்ச அந்த அம்மா தன்ர வீட்டில பின்னறையை அந்தப் பிள்ளைக்குக் குடுத்தவ, தையல் மெசின் இப்ப அங்கதான் ஓடுது. வாற புதன்கிழமை புது அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போறம், அம்மாவும் வாறா.