உள்ளே காலி, வெளியே ஃபுல்: டிஸ்க் பற்றி வாசகர் கேள்விகள்

லினக்ஸ் சர்வரில் ஹோம் பகுதி நிரம்பிவிட்டது. புது டிஸ்க் மாட்டிவிட்டேன். எல்லாவற்றையும் அதற்கு காப்பி செய்தே ஆக வேண்டுமா?

எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பொதுவாக நிர்வகிக்கும் லினக்ஸ் வசதி) போட்டு நிறுவியிருந்தால் வேண்டாம். எல்விஎம் டிஸ்க்கைத் துண்டு துண்டாக, வழக்கமாக 4 எம்பி அளவில், நறுக்கிப் பொதுக் குவியலில் போடுகிறது. அதிலிருந்து எடுத்துக் கோத்ததுதான் உங்கள் ஹோம். புது டிஸ்க்கை பிவிகிரியேட், விஜிஎக்ஸ்டெண்ட் கட்டளைகள் கொடுத்துக் குவியலில் சேருங்கள். அப்புறம் எல்விஎக்ஸ்டெண்ட்டை ஆர் ஆப்ஷனோடு கொடுத்தால் ஹோமும், அதில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டமும் சேர்ந்தே பெரிதாகும். சர்வரை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் இனி ஹோம் இரண்டு டிஸ்க்குகளை நம்பி நிற்கிறது. எது போனாலும் ஹோம் போச்சு.

பிற்பாடு சுருக்க முடியுமா?

ஃபைல் சிஸ்டம் எக்ஸ்ட்4 வகை என்றால் அன்மவுண்ட் செய்துவிட்டு, அதாவது பயன்பாட்டிலிருந்து கழற்றிவிட்டு, சுருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் என்றால் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் முதலிலேயே தாராளமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

1 டிபி டிஸ்க்கில் தின் பூல் அமைத்து, மூன்று விர்ச்சுவல் மெஷின்களுக்கு 500 ஜிபி வீதம் கொடுத்தேன். மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. உள்ளே பார்த்தால் ஒவ்வொன்றிலும் பாதி இடம் காலி!

எனக்கும் ஓர் இரவு இதே நடந்தது. இட நிலவரம் காட்டும் எல்விஎஸ் கட்டளையைக் கொடுத்தேன். டேட்டா பத்தியில் 100.00 என்று நின்றது, அதாவது பூல் நூறு சதவீதம் நிரம்பிவிட்டது. தின் பூலில் 500 ஜிபி என்பது கொடுத்த வாக்குதான். எழுத எழுதத்தான் உண்மையான இடம் ஒதுக்கப்படும்.

உள்ளே காலி, வெளியே ஃபுல் ஆனது எப்படி? மெஷினுக்குள் ஒரு ஃபைலை அழித்தால், அழித்த சேதி கீழே பூலுக்குத் தானாகப் போவதில்லை. பூலைப் பொறுத்தவரை அந்தத் துண்டு இன்னும் உங்களுடையது. விர்ச்சுவல் டிஸ்க் அமைப்பில் டிஸ்கார்டை (அழித்த சேதியைக் கீழே அனுப்பும் வசதி) இயக்கி, உள்ளே அந்தச் சேதியை அனுப்பும் எஃப்எஸ்டிரிம் கட்டளையை வாரம் ஒருமுறை ஓட விடுங்கள். அதன்பின் இடம் திரும்பும்.

பூல் நிரம்பினால், எழுத வந்தவை இயல்பாக 60 விநாடி காத்திருந்து பிழையாகத் திரும்பும். எந்தத் துண்டு யாருடையது என்ற குறிப்பான மெட்டாடேட்டா நிரம்புவது இதைவிட மோசம். பூலையே பழுதுபார்க்க வேண்டி வரலாம். பூல் எத்தனை சதவீதம் நிரம்பியதும் தானாக விரிவடைய வேண்டும் என்ற வரம்பு இயல்பில் 100, அதாவது அணைத்து வைத்த நிலை. அதை 80 ஆக்குங்கள். விரிவதற்குக் குவியலிலும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுத்தவர் எல்விஎஸ்ஸைத் தினமும் பார்க்கத்தான் வேண்டும்.

தினமும் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து டிஸ்க் நிலையின் பதிவு) எடுக்கிறேன். பேக்கப் தனியாகத் தேவையா?

கட்டாயம் தேவை. ஸ்னாப்ஷாட் எடுக்கும் கணத்தில் உங்கள் ஃபைல்கள் எதுவும் காப்பி ஆவதில்லை. பின்னால் ஒரு துண்டு மாறும்போதுதான் அதன் பழைய வடிவம் காப்பாற்றப்படும். மாறாத துண்டுகள் அசலுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் பொதுவானவை. டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். பழைய வகை எல்விஎம் ஸ்னாப்ஷாட்டில், அதற்கென ஒதுக்கிய இடம் நிரம்பினாலே அது செல்லாததாகிவிடும். அப்கிரேடுக்கு முன் ஒன்று எடுங்கள். எல்லாம் சரியாக ஓடினால் அழித்துவிடுங்கள். பேக்கப் வேறு டிஸ்க்கில், முடிந்தால் வேறு இடத்தில் இருக்கட்டும்.