எல்லா வடிவங்களையும் திறக்கும் இ-ரீடர் வேண்டுமா? முதலில் உங்கள் கோப்புகளைப் பாருங்கள்

கேள்வி: லேப்டாப்பில் சில நூறு தமிழ் மின்நூல்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். இபப் என்ற மின்நூல் வடிவில் கொஞ்சம், மோபி என்ற இன்னொரு வடிவில் கொஞ்சம், மீதியெல்லாம் பிடிஎஃப். அமேசானின் கிண்டில் செயலியில் காசு கொடுத்து வாங்கியவையும் சில உண்டு. போனில் படித்தால் கண் எரிகிறது. பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் இவை எல்லாவற்றையும் திறக்கும் இ-ரீடர் எது?

பதில்: எந்தக் கருவி அதிக வடிவங்களை ஏற்கிறது என்ற கேள்வியிலிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள். பாக்கெட்புக் நிறுவனத்தின் இ-ரீடர்களின் விவரப் பட்டியலில் இருபதுக்கு மேல் வடிவங்கள் வரிசையாக இருக்கும். கோபோ நிறுவனத்தின் இ-ரீடர்களில் இபப், மோபி, பிடிஎஃப், காமிக்ஸ் கோப்புகள் எல்லாம் நேரடியாகத் திறக்கும். கிண்டிலில் பட்டியல் சின்னது. இதைப் பார்த்து கிண்டிலை ஒதுக்கிவிட வேண்டாம். இபப், மோபி என்ற வேறுபாடு இன்று பெரிய சிக்கலே இல்லை. காலிபர் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவினால், ஒன்றை மற்றொன்றாக மாற்ற அரை நிமிடம் போதும். கிண்டிலுக்கு மின்னஞ்சலிலோ, அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ பக்கம் வழியாகவோ இபப் கோப்பை அனுப்பினால் அதுவே மாற்றிக்கொள்ளும். 2022 முதல் இந்த வசதி இருக்கிறது. யூஎஸ்பி வயரில் இபப்பை அப்படியே ஏற்றினால் மட்டும் கிண்டில் திறக்காது.

நீங்கள் உண்மையில் யோசிக்க வேண்டியது பிடிஎஃப் பற்றி. உங்கள் சேகரிப்பில் பெரும்பகுதி அதுதான் என்கிறீர்கள். பிடிஎஃப் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வகைக் கோப்புகள் இருக்கின்றன. ஒரு கோப்பைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். சரியான தமிழாக வந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை. அதை காலிபரில் இபப் ஆக்கிப் பார்க்கலாம். வரிகள் ஆங்காங்கே உடையும், ஆனாலும் படிக்க முடியும். புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சுக்குக் கோக்கப்பட்டது. மாற்றினாலும் அதே குவியல்தான் கிடைக்கும். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது பக்கங்களை ஸ்கேன் செய்த படம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கை நூல்களைச் சேர்த்துவரும் நூலகம் தளம், இன்டர்நெட் ஆர்க்கைவ் ஆகியவற்றில் கிடைக்கும் பழைய நூல்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

ஸ்கேன் பக்கம் திரையின் அளவுக்கு ஏற்ப மடங்காது. நம் ஊர்ப் புத்தகங்களில் பரவலான டெமி அளவு ஏறத்தாழ 5.5 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம். 6 அங்குல இ-ரீடரின் திரை அகலம் 3.6 அங்குலம், உயரம் 4.8 அங்குலம்தான். முழுப் பக்கத்தையும் அதற்குள் அடைத்தால் எழுத்து நாற்பது சதவீதத்துக்கு மேல் சிறுத்துவிடும், புள்ளிகளைத் தேட வேண்டியிருக்கும். அதற்காக உடனே பெரிய கருவிக்குப் போகத் தேவையில்லை. திரையைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள். அகலம் 4.8 அங்குலமாகிவிடும். ஓரத்து வெள்ளையை வெட்டிவிட்டால் எழுத்து அச்சுப் புத்தகத்தில் இருந்த அளவிலேயே தெரியும். ஒரு பக்கத்தை இரண்டு தடவையாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். கே2பிடிஎஃப்ஆப்ட் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. ஸ்கேன் பக்கத்தைச் சொல் சொல்லாக நறுக்கி, சின்னத் திரைக்கு ஏற்றபடி மறுபடி அடுக்கித் தரும். சொற்களைப் படமாகவே கையாள்வதால் மொழி தடையில்லை, தமிழுக்கும் வேலை செய்கிறது. பழைய நாவல்களை இந்த வழியில் வசதியாகப் படிக்கலாம். அட்டவணை, படம் நிறைந்த நூல்களுக்கு இது உதவாது.

அடுத்தது பூட்டு. கிண்டிலில் வாங்கிய நூல்களில் பெரும்பாலானவை, வேறு கருவியில் திறக்கவிடாத டிஆர்எம் பூட்டோடு வருகின்றன. அவற்றை கோபோவுக்கோ பாக்கெட்புக்குக்கோ நகர்த்த முடியாது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பியில் ஏற்றும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டது. ஆகவே அந்தச் சில நூல்கள் உங்களுக்கு முக்கியமா என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். 2016 கடைசியில் கிண்டில் தமிழுக்குத் திறந்த பிறகு நிறைய எழுத்தாளர்கள் அங்கே வெளியிட்டிருக்கிறார்கள், சில நூல்கள் வேறெங்கும் கிடைப்பதில்லை. நீங்கள் இனியும் அங்கே வாங்குவீர்கள் என்றால் கிண்டில்தான் சரி. எந்தக் கடையோடும் கட்டுப்பட விரும்பவில்லை, இலவச நூல்களும் பூட்டில்லாத இபப்பும் போதும் என்றால் கோபோ கிளாரா வகை நல்ல கருவி. ஆனால் இங்கே அவை பெரும்பாலும் இறக்குமதியாளர் வழியாக வருபவை. உத்தரவாதம் யார் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் ஓடும் ஆனிக்ஸ் பூக்ஸ் கருவிகளில் கிண்டில் செயலியையும் போட்டுக்கொள்ளலாம். எல்லாக் கோப்பும் எல்லாக் கடையும் ஒரே இடத்தில் வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் விடை. உங்கள் பணத்துக்குள் அது அடங்குவது கடினம்.

தமிழுக்கென்று ஒரு சோதனை உண்டு. கருவி விமர்சனங்களில் இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. யூனிகோடில் ‘கெ’ என்று எழுதினால் முதலில் ககரமும் பிறகு கொம்பும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னால் இழுத்துவந்து காட்டுவது கருவியின் வேலை. அதை ஒழுங்காகச் செய்யாத கருவியில் கொம்பு பின்னால் நிற்கும். ‘கொடுத்தேன்’, ‘கௌரவம்’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றை ஒரு கோப்பில் எழுதி ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கோபோவில் சாதாரண இபப்பில் எழுத்து பிசகினால் காலிபர் வழியாக, கோபோவின் சொந்த வடிவமான கேபப் ஆக்கி ஏற்றிப் பாருங்கள். கேபப்பைத் திறக்கும் மென்பொருள் பகுதி வேறு. எழுத்துரு பிடிக்கவில்லை என்றால் கிண்டிலிலும் கோபோவிலும் எழுத்துருக்களுக்கான கோப்புறையில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் போட்டுக்கொள்ளலாம்.

என் யோசனை இது: 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) திரையுள்ள அடிப்படை கிண்டிலை முதலில் பாருங்கள். 2022-இல் அது இங்கே ரூ.9,999 விலையில் வந்தது. சரக்கு இல்லை, விலை ஏறிவிட்டது என்றால் பயன்படுத்திய கிண்டில் பேப்பர்வைட் வாங்கலாம். 2015-க்குப் பிறகு வந்த பேப்பர்வைட் எல்லாமே 300 பிபிஐதான். 167 பிபிஐ உள்ள பழைய அடிப்படை மாடல்களை, 2019-இல் வந்தது உட்பட, தவிர்த்துவிடுங்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் சுழிகளும் புள்ளிகளும் அதிகம், சின்ன எழுத்தில் மங்கிவிடும். பழைய கருவி வாங்கும்போது, விற்பவர் தன் அமேசான் கணக்கை அந்தக் கருவியிலிருந்து உங்கள் கண்ணெதிரே நீக்கட்டும். அப்புறம் திரையில் கோடு, கறை இருக்கிறதா என்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள்.

சேமிப்பு இடம் பற்றிய கவலை வேண்டாம். எழுத்து மட்டுமுள்ள நூல் ஒன்றிரண்டு எம்பிதான். 2022 கிண்டிலின் 16 ஜிபியில் உங்கள் ஸ்கேன் நூல்களையும் தாராளமாக வைக்கலாம்.

ஸ்கேன் நூல்கள் மட்டுமே உங்கள் அன்றாட வாசிப்பு என்றால் இப்போது எதுவும் வாங்காதீர்கள். 7.8 அங்குலத் திரைக்குப் பணம் சேரும்வரை பொறுக்கலாம். டெமி பக்கத்தின் எழுத்துப் பகுதி அதில் நேராகவே அடங்கும்.

புதிய கருவி வந்த அன்றே மூன்று கோப்புகளை ஏற்றுங்கள்: ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலிருந்து ஓர் இபப், உங்களிடம் உள்ள ஸ்கேன்களில் மிக மோசமான ஒன்று, மேலே சொன்ன சொற்கள் உள்ள சோதனைக் கோப்பு. ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கம் படித்துப் பார்த்து, ஒத்துவரவில்லை என்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.