மூன்று லட்சம் ஜீனா?

கேள்வி: ஜீனோம் (முழு மரபணுத் தொகுப்பு) வெளிவராத ஒரு மூலிகையின் ஆர்.என்.ஏ. துணுக்குகளை டிரினிட்டி என்கிற மென்பொருளில் கோத்தேன். மூன்று லட்சம் டிரான்ஸ்கிரிப்ட் (ஜீனிலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ. வரிசை) வந்து நிற்கிறது. செடிக்கு அத்தனை ஜீனா?

பதில்: இருக்காதுங்க. ஒரே ஜீனின் பல வடிவங்கள், பாதியில் அறுந்த துண்டுகள், வேரோடு ஒட்டி வந்த பூஞ்சை எல்லாம் அதில் கலந்திருக்கும். முதலில் சிடி-ஹிட் என்கிற, ஒத்த வரிசைகளைத் தொகுக்கும் மென்பொருளில் போட்டு 95 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகிறவற்றை ஒன்றாக்குங்கள். ஆனால் அது நகலைத்தான் குறைக்கும், இரண்டு ஜீன் தப்பாக ஒட்டிக்கொண்டு ஒன்றாக நிற்பதைக் கண்டுகொள்ளாது. அதற்கு டிரான்ஸ்ரேட் என்கிற மென்பொருள்: மூலத் துணுக்குகளைக் கோத்த வரிசைகள்மேல் திரும்பப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, தேறாததைக் கழித்துவிடும். அப்புறம், வடிகட்டுவதற்கு முன்னும் பின்னும் பஸ்கோவை ஓட்டுங்கள்; செடிகளில் பொதுவாக ஒற்றைப் பிரதியாக இருக்கவேண்டிய ஜீன்கள் இதில் ஒருமுறை வந்திருக்கிறதா, பலமுறை வந்திருக்கிறதா, இல்லவே இல்லையா என்று எண்ணிச் சொல்லும் மென்பொருள் அது. 'இரட்டிப்பு' குறைந்து 'காணவில்லை' ஏறாமல் இருந்தால் சரி. ஏறினால் கை மீறி வெட்டிவிட்டீர்கள். என்50 (கோத்த மொத்த நீளத்தில் பாதி, இந்த நீளமோ அதற்கு மேலோ உள்ள வரிசைகளில் இருக்கும் என்கிற அளவு) பெரிதாக வந்தால் மட்டும் குஷியாகிவிடாதீர்கள், தப்பாக ஒட்டினாலும் அது ஏறும்.