நம்ம ஆளுன்னு நம்பினோம், மச்சான் பேர்ல வீட்டை வாங்கிட்டாரு!

அக்காகிட்ட கேளுங்க: இந்த வாரம் வீடு விக்கிறவங்க கேள்விங்க

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்க சுங்கை சிப்புட். அப்பா தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு, ரிட்டையர் ஆனப்ப ஈபிஎஃப் காசைப் போட்டு டவுன்ல ஒரு மலிவு விலை வீடு வாங்கினாரு, வீட்டுப் பத்திரம் (கிராண்ட்) அம்மா பேர்ல இருக்கு, இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப அப்பா இல்ல. அம்மாவை தனியா விட முடியாம என்கூட ரவாங்குக்கு கூட்டிட்டு வந்துட்டேன், அதனால வீட்டை வித்துடலாம்னு அப்பாவுக்குத் தெரிஞ்ச ஒரு ஏஜெண்ட்கிட்ட கொடுத்தோம். கோயில் கமிட்டில இருக்கறவரு, திருவிழான்னா முன்னால நிப்பாரு. இந்த ஏரியாவுல 145,000 வெள்ளிக்கு மேல ஒருத்தரும் தரமாட்டாங்கன்னு சொன்னாரு, நாங்களும் சரின்னுட்டோம். அக்ரிமெண்ட்ல அம்மா சைன் போட்டாச்சு, அவர் சொன்ன லாயர் ஆபீஸ்லதான். புக்கிங் காசு 2,900 அம்மா பேங்க்ல அவரே போட்டு விட்டாரு. வீடு வித்தா கவர்மெண்டுக்கு டேக்ஸ் கட்டணும்னு சொல்லி அம்மாகிட்ட 3,500 வெள்ளி கேஷா வாங்கிட்டுப் போனாரு, ரசீது இல்ல. போன வாரம் மார்க்கெட்ல ஒரு டீச்சரைப் பார்த்தோம், "168,000 தரேன்னு உங்க ஏஜெண்டுக்கு மெசேஜ் போட்டேனேம்மா, வேற ஆளுக்கு கொடுத்துட்டீங்களா"ன்னு கேக்கறாங்க, எனக்கு தலையே சுத்திடுச்சு. அப்புறம் விசாரிச்சா வாங்கறவரு ஏஜெண்டோட பொண்டாட்டி தம்பியாம்! வீடு இன்னும் கைமாறவே இல்ல, அதுக்குள்ள ஃபேஸ்புக்ல 185,000னு போட்டோவோட விளம்பரம் வந்துடுச்சு. கேட்டா "சைன் போட்டாச்சு, பின்வாங்கினா கோர்ட்டுக்கு இழுப்பாங்க"ன்னு மிரட்டறாரு. சொந்தக்காரங்க எல்லாம் விட்டுடு, கோயில்ல மூஞ்சில முழிக்கணும்னு சொல்றாங்க. என்ன செய்யறது அக்கா?
– ஒரு மகள், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த ஆளுகூட சண்டையை நிறுத்துங்க. விட்டுடச் சொல்லல, உங்க கையில என்ன இருக்குன்னு அவருக்கு இப்பவே தெரிய வேணாம்னு சொல்றேன். ஃபேஸ்புக் விளம்பரத்தை தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, நாளைக்கே அழிச்சுடுவாரு. வாட்ஸாப் பேச்சை மொத்தமா எக்ஸ்போர்ட் பண்ணி உங்க ஈமெயிலுக்கு அனுப்பிக்குங்க, அம்மா போனை மாத்தவும் வேணாம், எதையும் டிலீட் பண்ணவும் வேணாம். அந்த டீச்சரைப் போய்ப் பாருங்க, அவங்க அனுப்பின மெசேஜ், தேதி, ஏஜெண்ட் என்ன பதில் போட்டாருன்னு எல்லாத்தையும் வாங்கி வைங்க, நாளைக்கு தேவைப்பட்டா எழுதிக் கொடுப்பீங்களான்னும் கேட்டு வைங்க. இந்த கேஸ்ல உங்க பெரிய பலமே அந்த டீச்சர்தான்.

அப்புறம் உங்க லெட்டர்ல போற போக்குல ஒரு விஷயம் எழுதியிருக்கீங்க பாருங்க, புக்கிங் காசு 2,900 "அவரே போட்டு விட்டாரு"ன்னு, எனக்கு அதுல தான் கண்ணு நின்னுச்சு. 145,000க்கு ரெண்டு பர்சண்ட், கணக்கு சரி. ஆனா வாங்கறவர் மச்சான்னா காசு ஏன் ஏஜெண்ட் பேர்ல இருந்து வருது? ஒழுங்கான முறையில அந்தக் காசு ஏஜென்சி கம்பெனியோட கிளையண்ட் அக்கவுண்டுக்குப் போய் ரசீது வரணும், ஏஜெண்டோட சொந்த அக்கவுண்டுக்கு அதுல வேலையே இல்ல. பேங்குக்குப் போய் அந்த மாச ஸ்டேட்மெண்ட் எடுங்க, அனுப்பினவர் பேர் ஏஜெண்ட் பேரா இருந்தா அந்த ஒரு வரிக்கு பிரிண்ட் எடுத்து பத்திரமா வைங்க. மச்சான் வெறும் பேர்தான், வாங்கறது இவருதான்னு காட்ட அதைவிட நல்ல துருப்பு கிடைக்காது.

இப்ப சட்டம். நம்ம நாட்டு 1950ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டம், காண்ட்ராக்ட்ஸ் ஆக்ட், அதுல 168ஆவது செக்ஷன்ல ஒரு உதாரணமே கொடுத்திருக்கான், படிச்சா உங்களுக்கு சிரிப்பு வரும் இல்லன்னா அழுகை வரும். ஒருத்தன் தன் எஸ்டேட்டை விக்கச் சொல்லி ஏஜெண்ட்கிட்ட கொடுக்கறான், ஏஜெண்ட் வேற ஒருத்தன் பேரைப் போட்டு தானே வாங்கிக்கறான், சொந்தக்காரனுக்கு தெரிஞ்சதும் அந்த விற்பனையை அவன் ஏத்துக்க மாட்டேன்னு சொல்லலாம், ஆனா ஏஜெண்ட் முக்கியமான விஷயத்தை வேணும்னே மறைச்சான்னோ, இல்ல இதுல தனக்கு நஷ்டம்னோ காட்டணும். உங்களுக்கு ரெண்டுமே இருக்கு. 168,000 ஆஃபரை மறைச்சது ஒன்னு, 23,000 வெள்ளி நஷ்டம் இன்னொன்னு. அடுத்த செக்ஷன் 169 என்ன சொல்லுதுன்னா, ஏஜெண்ட் உங்களுக்குத் தெரியாம உங்க வேலைல தனக்குன்னு சம்பாதிச்ச லாபத்தை நீங்க கேக்கலாம். அதனால வீடு கைமாறிப் போயிருந்தாக்கூட கதை முடிஞ்சிருக்காது, வழக்கு போட பொதுவா ஆறு வருஷ அவகாசம் உண்டு.

ஒன்னு கவனிங்க, மச்சான் நெஜமாவே தன் சொந்தக் காசுல தனக்குன்னு வாங்கறாருன்னு நிரூபிச்சா 168ஆவது செக்ஷன் கொஞ்சம் வழுக்கும். அப்பவும் டீச்சர் ஆஃபரை மறைச்சதும், வாங்கறவர் தன் சொந்தம்னு சொல்லாததும் தப்புதான். லாயர்கிட்ட ரெண்டு பக்கத்தையும் சொல்லிக் கேளுங்க.

லாயர்னு சொன்னேன், அந்த லாயர் இல்ல! அம்மா சைன் போட்ட ஆபீஸ் வாங்கறவருக்கு வேலை பார்க்குற ஆபீஸா இருக்கும், அவங்களுக்கு உங்கம்மாவோட நல்லது கெட்டது பார்க்குற கடமை இல்ல. உங்களுக்குன்னு தனியா ஒருத்தரைப் பாருங்க, வசதி இல்லன்னா ஈப்போவுல பேராக் பார் கமிட்டியோட லீகல் எய்ட் சென்டர் இருக்கு, போய் கேட்டுப் பாருங்க. இதுல முக்கியமா, நீங்களா "விக்கல"ன்னு சொல்லிட்டு வீட்ல உக்காந்துடாதீங்க, அப்படி செஞ்சா அவர் மிரட்டுற மாதிரி நெஜமாவே கோர்ட்டுக்கு இழுக்க அவங்களுக்கு வழி கிடைச்சிடும். லாயர் மூலமா, இந்தக் காரணத்தால இந்த அக்ரிமெண்டை ஏத்துக்கலன்னு எழுத்துல போகணும். வந்த டிபோசிட் காசை ஒரு வெள்ளி கூட தொடாதீங்க, திருப்பிக் கொடுக்க வேண்டி வரும்.

நேரம் இருக்கான்னு பயப்படறீங்கல்ல, கிராண்டை எடுத்துப் பாருங்க. மலிவு விலை வீட்டு கிராண்ட்ல பல சமயம் "செக்காத்தான் கெபெந்திங்கான்"னு ஒரு கட்டம் இருக்கும், மாநில அரசு சம்மதம் இல்லாம இந்த நிலத்தை கைமாத்தக் கூடாதுன்னு. உங்க கிராண்ட்ல அது இருந்தா அந்த சம்மதம் வராம பேர் மாத்தற 14ஏ ஃபாரம் பதிவாகாது, அதுக்கு மாசக்கணக்கா கூட ஆகலாம். லேண்ட் ஆபீஸ்ல ஒரு சாரியான், அதான் பதிவேட்டுத் தேடல், எடுத்துப் பாருங்க, வீடு இன்னிக்கும் அம்மா பேர்ல இருக்கா, யாராவது கேவியட், அதாவது கைமாத்தத் தடை, போட்டிருக்காங்களான்னு தெரியும். அந்த பேப்பரோட லாயர்கிட்ட போனா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

இந்த 3,500 விஷயம் தனி, அதை மத்ததோட கலக்காதீங்க. வீடு விக்கறப்ப வர்ற வரி ஆர்பிஜிடி. மலேசியக் குடிமக்கள் வாங்கி அஞ்சு வருஷம் தாண்டின வீட்டை வித்தா 2022ல இருந்து அது பூஜ்யம். வாங்கின மூணு வருஷத்துக்குள்ள வித்தாதான் 30 பர்சண்ட், நாலாவது வருஷம் 20, அஞ்சாவது வருஷம் 15. உங்கம்மா இருபது வருஷமா வச்சிருக்காங்க, கட்ட வேண்டியது சைபர். இருந்தாலும் வருமான வரி ஆபீசுக்கு ஃபாரம் மட்டும் போகணும், அதை லாயர் பார்த்துக்குவாரு. அப்படி இருக்க ஒரு வயசான பொம்பளைகிட்ட டேக்ஸ்னு பேர் சொல்லி கேஷா வாங்கறது ஏமாத்து வேலை, பீனல் கோட் 420, நிரூபணம் ஆனா 1 வருஷத்துல இருந்து 10 வருஷம் வரைக்கும் ஜெயிலு, ரோத்தான் பிரம்படியும் உண்டு.

போலிஸ் ஸ்டேஷன்ல மொத்தக் கதையையும் கொட்டினா "இது சிவில் கேஸ், லாயரைப் பாருங்க"ன்னு அனுப்பிடுவாங்க, இதை நான் நிறைய பேருக்கு நடந்து பார்த்துட்டேன். அதனால ரிப்போர்ட்ல 3,500 கதையை மேல வைங்க: எந்த தேதி, எந்த இடம், என்ன சொல்லி வாங்கினாரு, ரசீது கொடுக்கல. அம்மாவே நேர்ல போய் சொல்லணும், காசு கொடுத்தது அவங்க. இந்தத் தொகை 5,000 வெள்ளிக்குள்ள இருக்கறதால மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல சின்ன தொகை வழக்கா 198ஆம் நம்பர் ஃபாரம் போட்டு லாயர் இல்லாமலே கேக்கலாம்.

அடுத்தது லைசென்ஸ். ஏஜெண்டுங்களைப் பார்த்துக்க 1981ஆம் வருஷ சட்டம், ஆக்ட் 242, அதுக்குக் கீழ எல்பிபிஇஹெச்னு ஒரு வாரியம் கோலாலம்பூர்ல இருக்கு. அவர் கழுத்துல சிவப்பு ஆர்இஎன் டேக் (ஏஜெண்டுக்குக் கீழ வேலை பார்க்குற நெகோஷியேட்டரோட அடையாள அட்டை) மாட்டியிருந்தா அதுல நம்பரும் கியூஆர் கோடும் இருக்கும், அவருக்கு மேல ஒரு ரெஜிஸ்டர்ட் ஏஜெண்ட், ஒரு கம்பெனி இருக்கணும். புகாரை அவர் பேர்லயும் கம்பெனி பேர்லயும் எழுதுங்க, கம்பெனிக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, இப்படிப்பட்ட ஆளுங்க கோயிலுக்குப் பயப்படறதைவிட மேல இருக்கற முதலாளிக்குத்தான் அதிகம் பயப்படுவாங்க. வாரியம் தண்டனை கொடுக்கும், உங்க காசை வாங்கித் தர்ற இடம் இல்ல அது. நம்பரே இல்லாத ஆளுன்னா இன்னும் மோசம், லைசென்ஸ் இல்லாம இந்த வேலை பார்த்தா 300,000 வெள்ளி வரைக்கும் ஃபைன், இல்ல மூணு வருஷம் ஜெயிலு, இல்ல ரெண்டும்.

சொந்தக்காரங்க பேச்சுக்கு வரேன். துன் சம்பந்தனோட ஊர் அது, தோட்டத்தை எல்லாம் துண்டு போட்டு வித்துக்கிட்டிருந்த நேரத்துல நம்ம ஆளுங்களுக்கும் மண்ணுன்னு ஒன்னு இருக்கணும்னு 1960ல நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சவரு அவரு. அந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு 23,000 வெள்ளியை மரியாதைக்காக விட்டுடுன்னு சொல்றாங்கன்னா, அது அவங்க காசு இல்லைங்கறதால சொல்றாங்க. கோயில்ல மூஞ்சில முழிக்க யாருக்குக் கூச்சம் இருக்கணும்? உங்கம்மாவுக்கா?

கடைசியா ஒரு சின்ன செலவு, பதிவு பெற்ற ஒரு வேல்யூவர்கிட்ட வீட்டோட மதிப்புக்கு ரிப்போர்ட் வாங்கிடுங்க. டீச்சர் ஆஃபர் ஒன்னை மட்டும் வச்சு வாதாடறதைவிட ரிப்போர்ட்டும் சேர்ந்தா எதிர் பக்கம் உக்காந்து பேச வருவாங்க, பல கேஸ் கோர்ட் வாசலுக்குப் போகாமலே அந்த இடத்துல தான் முடியுது.

கேள்வி: அக்கா, எங்க ஏஜெண்ட் அஞ்சு பர்சண்ட் கமிஷன் கேக்கறாரு, "சின்ன ஊரு, அலைச்சல் ஜாஸ்தி"ங்கறாரு. கொடுக்கணுமா?
– லிந்தாங் ரோடு வாசகர்

பதில்: வேணாம் தம்பி. வீடு விக்க அதிகபட்சம் 3 பர்சண்ட்தான், கம்பெனி சர்வீஸ் டேக்ஸ் கட்டற கம்பெனின்னா அந்த கமிஷன் மேல 8 பர்சண்ட் தனியா வரும், அவ்வளவுதான். 150,000 வீட்டுக்கு 4,500 எங்க, 7,500 எங்க? கம்பெனி பேர்ல இன்வாய்ஸ் கேளுங்க, காசை கம்பெனி அக்கவுண்டுக்கு மட்டும் போடுங்க. வாங்கறவர்கிட்டயும் தனியா கமிஷன் வாங்கறாரான்னு மெதுவா விசாரிச்சுப் பாருங்க, ரெண்டு பக்கமும் கை நீட்டறது கூடாது. அலைச்சல் ஜாஸ்தின்னா அது அவர் தொழிலு.

கேள்வி: வீடு பார்க்க வர்றவங்களுக்குக் காட்டணும், ஒரிஜினல் கிராண்டைக் கொடுங்கன்னு ஏஜெண்ட் கேக்கறாரு. கொடுக்கலாமா அக்கா?
– பெயர் வேண்டாம்

பதில்: கூடவே கூடாதும்மா! வாங்க வர்றவங்க லேண்ட் ஆபீஸ்ல சாரியான் எடுத்தாலே சொந்தக்காரர் யாருன்னு தெரிஞ்சிடும், ஒரிஜினல் எதுக்கு? காப்பி கொடுங்க, அது மேல குறுக்கால "இந்த வீட்டு விற்பனைக்கு மட்டும்"னு எழுதி தேதி போட்டுக் கொடுங்க, ஐசி காப்பிக்கும் அதே மாதிரி. ஒரிஜினல் கிராண்ட் போக வேண்டிய இடம் உங்க லாயர் ஆபீஸ் மட்டும்தான், அங்கயும் வாங்கிக்கிட்டோம்னு லெட்டர் வாங்கிடுங்க. ஏஜெண்டுக்கு வேணும்னா சாவியைக் கொடுங்க, அதுக்கும் ஒரு சைன் வாங்கிக்குங்க.