நாலு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பாட்டு?

கேள்வி: எங்கள் ஊர் முன்பள்ளி விளையாட்டு விழாவில் நாலு வயதுப் பிள்ளைகளைச் சினிமாக் காதல் பாட்டு ஒன்றுக்கு ஆடவிட்டார்கள். இடுப்பை ஆட்டுவதும் கண்ணடிப்பதும்தான் ஆட்டம். என் மகளும் ஆடினாள். ரீச்சரிடம் கேட்டேன். “சின்னப் புள்ளயள்தானே, அதுகளுக்கு என்ன விளங்கப் போகுது? சனத்துக்குப் பிடிச்சிருக்கு” என்றார். நான்தான் காலத்துக்கு ஒவ்வாத ஆளா? அடுத்த முறை மகளை ஆட அனுப்பாமல் விடவா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி, மட்டக்களப்பு

பதில்: இல்லை அம்மா. நீங்கள் கேட்டது கேட்க வேண்டிய கேள்வி. அன்று மைதானத்தில் இருந்த பல பெற்றோருக்கும் அந்தச் சங்கடம் இருந்திருக்கும். வாய்திறந்தது நீங்கள் மட்டும்.

“அதுகளுக்கு என்ன விளங்கப் போகுது” என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். பாட்டு வரி பிள்ளைக்கு விளங்காது என்பது சரி. ஆனால் தன்னைச் சுற்றி நிற்கிற பெரியவர்களின் முகம் நன்றாகவே விளங்கும். எந்த அசைவுக்கு விசிலடித்தார்கள், எந்த இடத்தில் எல்லாரும் ஒன்றாகச் சிரித்தார்கள் என்பதைப் பிள்ளை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் வீட்டுக்கு யாராவது வந்தால், “அந்த ஆட்டத்த ஒருக்கா ஆடிக் காட்டு கிளி” என்கிறோம். அதே அசைவு, அதே சிரிப்பு. இப்படித் தன் உடம்பைக் காட்டினால் பெரிய ஆட்கள் மெச்சுவார்கள் என்று நாலு வயதில் படித்துவிடுகிறது. யாராவது கெட்ட எண்ணத்தோடு நெருங்கினால் இது தவறு என்று அந்தப் பிள்ளை உணர வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊர் ஒன்றில் இப்படியொரு விழாவைப் பார்த்தேன். பின்னேர வெயில் இன்னும் தணியவில்லை. பிரதம அதிதி வந்து சேரவில்லை. சரிகைப் பாவாடையும் உதட்டுச் சாயமுமாகப் பிள்ளைகள் நின்றுகொண்டே இருந்தார்கள். ஒருவழியாகப் பாட்டுப் போட்டார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ரீச்சர் முழு ஆட்டத்தையும் ஆட, பிள்ளைகள் அவரையே பார்த்துப் பார்த்து அரைத் தாளம் பிந்திக் கையைத் தூக்கினார்கள். ஒரு வாயாவது அந்தப் பாட்டை முணுமுணுக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பிள்ளைக்குத் தலையில் வைத்த பூ கழன்றுவிட்டது. பாட்டு முடியும் மட்டும் இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி அசையாமல் நின்றது. அதன் பிறகு நண்டு ஓட்டம் என்று ஒரு விளையாட்டு. அதே பிள்ளைகள் பக்கவாட்டில் நடந்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, எழும்பி, மைதானம் முழுக்கக் கத்தினார்கள். அன்று அவர்கள் தங்களுக்காகச் செய்தது அந்த ஒன்றைத்தான்.

ஆகவே பாட்டுத் தெரிவு செய்ய உட்காருகிறவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது, இந்த ஆட்டம் யாருக்கு என்பது. கதிரையில் இருக்கிற எங்களுக்கா, ஆடுகிற பிள்ளைக்கா? பிள்ளைக்கு என்றால் மற்றதெல்லாம் இலகு. பாட்டின் வரிகளைத் தாளில் எழுதி, இசையில்லாமல் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். ஏதாவது ஒரு வரியைப் பற்றிப் பிள்ளை “இது என்ன ரீச்சர்?” என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள். அடுத்தது, பிள்ளை அதைத் தானே பாட வேண்டும். சிறு பிள்ளையின் குரல் நாலைந்து சுரங்களுக்குள்தான் சிரமமில்லாமல் நடமாடும். பெரியவர்கள் எட்டுக்கட்டையில் இழுக்கிற பாட்டை அது பாடாது, வாயைத்தான் அசைக்கும். வரி குறுகியதாக, திரும்பத் திரும்ப வருவதாக இருந்தால் மூன்றாம் நாளே பிடித்துக்கொள்ளும். ஒன்றரை, இரண்டு நிமிஷம் தாராளம்.

சினிமாப் பாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. அம்மா, மழை, பறவை, விளையாட்டு என்று பிள்ளை உலகத்தைப் பாடுகிற திரைப்பாடல்களும் இருக்கின்றன. இந்தச் சோதனையில் தேறினால் போடுங்கள். அந்தச் சினிமா வருகிற இந்தியாவிலேயே, 2019 ஜூனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சு தனியார் தொலைக்காட்சிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் விடுத்தது. பெரியவர்கள் படத்தில் ஆடுகிற, வயதுக்கு ஒவ்வாத அசைவுகளைப் போட்டி நிகழ்ச்சிகளில் சிறுவர்களைக் கொண்டு ஆடுவிக்க வேண்டாம் என்பதே அதன் சாரம். அங்கே வேண்டாம் என்று சொன்னதை நாங்கள் முன்பள்ளி மைதானத்தில் ஒலிபெருக்கி வைத்து நடத்துகிறோம். ஐ.நா.வின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 31ஆம் உறுப்புரை பிள்ளைக்கு விளையாட்டும் கலையும் உரிமை என்கிறது. வயதுக்கு ஏற்ற விளையாட்டு என்றும் சேர்த்தே சொல்கிறது.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இது நடக்கிற இடத்தை நினைத்துத்தான். மட்டக்களப்பில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பஞ்சமா? வசந்தன் எங்கள் மண்ணில் இளையோர் கோலடித்து ஆடிய ஆட்டம். அந்தப் பாட்டுகளைத் தி. சதாசிவ ஐயர் திரட்டி 1940இலேயே ‘மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு’ என்று புத்தகமாக்கிவிட்டார். வயல்வேலையும் கடவுள் துதியுமாக எத்தனையோ உண்டு. ஆட்டம் பழக்குகிற அண்ணாவியார் ஒரு வரியைப் பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் படிக்கிற முறை நாலு வயதுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. கோல் கண்ணில் பட்டுவிடும் என்று பயந்தால், நன்றாகத் தேய்த்து மழுப்பிய இரண்டு சிரட்டையைக் கையில் கொடுங்கள். தட்டினால் சத்தம் வரும். அந்தச் சத்தமே பிள்ளைக்குத் தாளம் படிப்பிக்கும். ஒரு மத்தளமும் சல்லாரி என்கிற கைத்தாளமும் போதும். மத்தளக்காரர் தாளக்கட்டைச் சொல்ல, பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லவிட்டுப் பாருங்கள். அர்த்தமில்லாத அந்தச் சொற்களை அவர்கள் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு போவார்கள்.

முஸ்லிம் ஊர்களிலும் குறைவில்லை. கம்படித்து ஆடுகிற களிகம்பு இருக்கிறது. அதன் வட்டச் சுற்றும் தாளமும் சிறுபிள்ளைக்கு ஏற்றபடி எளிதாக்கக்கூடியவை. இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற முன்பள்ளியில் இரண்டையும் வைத்தால் இன்னும் நல்லது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் சிறுவர்களுக்கென்றே எழுதிய பாட்டுகள் பாட்டன் பாட்டிமாருக்கு இன்றும் மனப்பாடம். அவர்களை ஒரு நாள் முன்பள்ளிக்குக் கூப்பிட்டுப் பாடச் சொல்லலாம், செலவேயில்லை. ஊஞ்சல் பாட்டு, கும்மி என்று இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம்.

முழுப் பழியையும் ரீச்சர் தலையில் போடுவதும் நியாயமில்லை. சொற்பக் கொடுப்பனவில் வேலை பார்க்கிற பெண்கள் அவர்கள். “அந்தப் பள்ளியில என்ன மாதிரி ஆட்டம் போட்டாங்க, நம்மட பள்ளியில என்ன?” என்று கேட்பது பெற்றோர்தான். உடுப்புக்குக் காசு சேர்ப்பதும், முன்வரிசையில் நின்று விசிலடிப்பதும் நாங்கள்தான். வசந்தன் பழக்கு என்று சொன்னால் ரீச்சருக்கு யார் பழக்குவார்கள்? கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே நடனமும் இசையும் நாடகமும் படித்து வெளியேறிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு சனிக்கிழமை ரீச்சர்மாருக்குப் பழக்கச் சொல்வது பெரிய காரியமில்லை. சரிகைப் பாவாடை வாடகைக்குக் கொடுக்கிற காசில் பாதியை அவருக்குக் கொடுக்கலாம். மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகமும் இதைத் தன் பயிற்சிகளில் சேர்த்தால் ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக அலையத் தேவையில்லை.

காணொளி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அடுத்தவர் பிள்ளை ஆடுவதைப் படம்பிடித்து முகநூலிலும் டிக்டொக்கிலும் போடாதீர்கள். மைதானத்தில் இருநூறு பேர் பார்த்தது அங்கே போனால் யார் கையில் சேரும் என்று தெரியாது, திரும்பப் பெறவும் முடியாது. விழா தொடங்கும்போதே அறிவிப்பாளர் இதைச் சொல்லிவிட வேண்டும். யாராவது பிள்ளையின் படத்தைக் கேவலமாகப் பரப்பினால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. மகளை மறிக்காதீர்கள். கூட்டாளிமார் எல்லாரும் ஆட, தான் மட்டும் வேலியோரம் நின்றால், தான் ஏதோ பிழை செய்ததாகத்தான் அவள் நினைப்பாள். போன முறை ஆடியதற்காகவும் ஒரு சொல் ஏசாதீர்கள். அவள் படிப்பித்ததை ஆடினாள், அவ்வளவுதான். பாட்டுப் பழக்கத் தொடங்கிய பிறகு போய்ச் சண்டை பிடித்தால் எதுவும் மாறாது. உடுப்புக்குச் சொல்லியாயிற்று, நாளும் குறித்தாயிற்று என்பார்கள். அதற்கு முந்திய பெற்றோர் கூட்டத்திலேயே பேசுங்கள். உங்களைப் போல நினைக்கிற இரண்டு மூன்று தாய்மாரோடு முதலே கதைத்து வைத்துக்கொண்டு போங்கள். கையில் ஒரு பாட்டையும் எழுதிக் கொண்டுபோங்கள், “இது வேண்டாம்” என்பதோடு “இதைப் பழக்குவோம், நாங்களும் உதவிக்கு வாறம்” என்று சொல்வதற்கு. சிரட்டை தேய்க்கிற வேலையை நீங்களே பொறுப்பெடுங்கள்.