தனுஷ்கோடிக்கு ஜீப் எதற்கு?

கேள்வி: மே கடைசியில் மூன்று நாள் ராமேஸ்வரம் போகிறோம். பிள்ளைகளுக்குக் கடலில் குளிக்க ஆசை. அம்மாவுக்கு (68, முழங்கால் வலி) 22 தீர்த்தமும் ஆட வேண்டும். ஜீப் சவாரி, தீவுப் படகு, 'ஸ்பெஷல் தீர்த்தம்' எல்லாம் சேர்த்து ஓர் ஏஜென்ட் பேக்கேஜ் சொல்கிறார். முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறார். கட்டலாமா? - ஒரு வாசகர், சேலம்

பதில்: கட்டாதீர்கள். அவர் விற்பதில் பாதி, உங்களுக்குத் தேவையே இல்லாதது.

முதலில் அந்த ஜீப். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு, மணலிலும் சேற்றிலும் வேன்காரர்களை விட்டால் அங்கே போக வழியில்லை. அது அந்தக் காலம். 2017-லேயே தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டது. உங்கள் காரே போகும், அரசுப் பேருந்தும் போகிறது. காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலமானால் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். குடையும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். இத்தனை ஜனம் வந்துபோகிற இடத்தில் ஒதுங்கி நிற்க நிழல் இல்லை. கூரை போடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

கடலைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். மே கடைசியில் தென்மேற்குக் காற்று கிளம்பிவிடும், ஆண்கடல் பொங்கும். பெண்கடல் குளம் மாதிரி கிடக்கும். ஆகவே பிள்ளைகளை உச்சிப்புளி பக்கத்து அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள்: ஆழம் குறைவு, சவுக்குத் தோப்பும் உண்டு. இரண்டு கடலும் சேரும் அரிச்சல்முனையில் அவர்களை முழங்கால் அளவுகூட இறங்க விடாதீர்கள். நீரோட்டம் காலடி மணலையே வாரிக்கொண்டு போகும்.

தீவுப் படகு விஷயத்தில் உஷார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அனுமதியில்லாமல் கால் வைத்தால் வழக்கு. 'நம்ம மீனவர் படகுதான் சார்' என்று ஏஜென்ட் சொல்வார், மாட்டுவது நீங்கள். பாம்பன் பக்கத்துக் குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. காற்று பலமாக அடித்தால் அது ஓடாது, அன்று தீவை மறந்துவிடுங்கள்.

'ஸ்பெஷல் தீர்த்தம்' என்று ஒன்றும் கிடையாது. 22 தீர்த்தமும் பெரும்பாலும் கோயிலுக்குள் இருக்கும் கிணறுகள்தான், கோயில் கவுன்ட்டரில் டிக்கெட் வாங்கினால் போதும். கிணற்று மேட்டில் நிற்பவர் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார், அடுத்த கிணற்றுக்கு நடக்க வேண்டும். நடப்பதுதான் அம்மாவுக்குச் சிரமம். தரை முழுக்க நனைந்த கருங்கல், வழுக்கும். அக்னி தீர்த்தக் கடலில் காலை நனைத்துவிட்டு, உள்ளே இரண்டு மூன்று கிணறோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். ஈரத்துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத்துணி அவசியம்.

முன்பணம் கட்ட வேண்டிய சமயம் ஒன்றே ஒன்று உண்டு: அமாவாசை. அதிலும் ஆடி, தை, மகாளய அமாவாசை என்றால் ஊரே நிரம்பிவிடும், திண்ணைகூடக் கிடைக்காது. உங்கள் மூன்று நாளில் அமாவாசை வருகிறதா என்று காலண்டரில் பாருங்கள். வந்தால், முதல் நாளே ஊருக்குள் இருக்க வேண்டும், அறையை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். அப்போதும் பணத்தை விடுதிக்கு நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள், ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். அமாவாசை முடிந்த மறுநாள் போகிறீர்களா? அது வேறு கதை, கூட்டம் கலைந்திருக்கும், பேரம்கூடப் பேசலாம்.

மதுரையிலிருந்து ரயிலில் வாருங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் கடலுக்கு மேலே போவதைப் பார்க்க, பிள்ளைகளுக்கு ஜன்னலோரம் போதும். மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் இன்னொன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஓட்டலில் 'இன்றைக்குப் பிடித்த வஞ்சிரம்' என்றால், எந்தப் படகில் வந்தது என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.